ஹர்ப்ரீத் கைக்கு ஒரு கத்தி

ஓவனை இன்னும் போடவில்லை. குமிழை இருநூறுக்குத் திருப்பினால் வேலை முடிந்தது, ஆனாலும் போடவில்லை. கத்தி எதிரே செய்தித்தாளின் மேல் கிடக்கிறது, கறுத்துப் போய், எண்ணெய்ப் பிசுக்கோடு, பிடிகூடப் போடாத வெறும் இரும்பாக. மணி ரெண்டே முக்கால். பின்கட்டில் செங்கல் அடுக்கி, கேஸ் பர்னர் வைத்து, காந்தம் ஒட்டாத அளவுக்குப் பழுக்கக் காய்ச்சிக் கடலை எண்ணெயில் முக்கி எடுத்தது ரெண்டே கால் இருக்கும். மதில் மேல் தலையை நீட்டிப் பக்கத்து வீட்டு அம்மா “என்னுங்க தம்பி, பலகாரமா?” என்று கேட்டது. ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். முக்கி எடுத்த இரும்பை அப்படியே வெகுநேரம் விட்டு வைக்கக் கூடாது, கம்பெனியில் அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் பதினாறு வருஷமாக புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்கிற பாடம் இது. முக்கியதும் இரும்பு கண்ணாடிதான். அரம் போட்டால் வழுக்கும், சிமெண்டுத் தரையில் தவற விட்டால் ரெண்டாகும். மிதமான சூட்டில் ரெண்டு மணி நேரம் வைத்தால்தான் உள்ளே இருக்கிற விறைப்பு தளர்ந்து உடையாத பதத்துக்கு வரும். டெம்பரிங் என்போம். எல்லாம் தெரிந்தும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் உள்ளறையில் கோகிலா போனில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இந்தியில் சிரிக்கிறாள். சிரிப்பில் ஏது தமிழ், இந்தி என்று யாராவது கேட்கலாம், கட்டிக்கொண்டவனைக் கேட்டால் சொல்வான். என்னோடு சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். அங்கே மூடுவதில்லை, தொண்டையிலிருந்து பெரிதாக வருகிறது, நடுவில் “அரே” என்கிறாள், “சல் சல்” என்கிறாள், கட்டிலில் தொம்மென்று புரளுகிற சத்தம் கேட்கிறது. நாலு வருஷத்தில் என்னிடம் அப்படி ஒரு தடவை சிரித்ததில்லை. நானும் அப்படி ஒரு நகைச்சுவை சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

அந்தப் பக்கம் இருப்பது ஹர்ப்ரீத். ஆணாக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். போனைப் பிடுங்கலாம், யாருடி அவன் என்று கத்தலாம், மாமனாரை வரச் சொல்லிப் பஞ்சாயத்து வைக்கலாம், ஊரே எனக்காக உச்சுக் கொட்டும். பெண்ணாகப் போய்விட்டாள், பஞ்சாப்காரி, குண்டுக் கன்னம், மூன்று வயசுப் பையனுக்கு அம்மா. இவளைப் பார்த்து வயிறு எரிகிறது என்று எவனிடம் சொல்வது. டூல் ரூமில் சொன்னால் டீ குடிக்கிற இடத்தில் ஒரு மாதத்துக்கு என்னை வைத்து ஓட்டுவார்கள். ஏற்கெனவே, மூர்த்தியண்ணா வீட்டுல யாருக்கு யாரு சல்யூட்டு என்று ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கோகிலா எல்லைப் படையில் சேர்ந்தது கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்னால். பெண் பார்க்கப் போனபோது வேலையை விட வேண்டாம் என்று பெரிய மனுஷனாகச் சொன்னவன் நான்தான், அந்தப் பெருமையில் ஆறு மாதம் மிதந்தேன். அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். நாலு வருஷத்தில் லீவு லீவாகக் கூட்டினால் இருநூற்றுச் சொச்ச நாள் என்னோடு இருந்திருக்கிறாள். ஹர்ப்ரீத்தோடு ஆயிரத்துக்கு மேல். படையில் ரெண்டு ரெண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவார்களாம், ஒரே காவல், ஒரே தட்டு, ஒருத்தி தூங்கினால் ஒருத்தி முழிக்க வேண்டும். இங்கிலீஷில் பட்டி என்பார்களாம், கூட்டாளி என்று அர்த்தம். கல்யாணத்துக்கு என்ன பேரோ அதைவிட இறுக்கமாக இருக்கிறது. இப்போது இந்த ரெண்டு பேரையும் பனிமலைக்கு அனுப்புகிறார்கள், பெண்களில் முதல் குழு, மைனஸ் முப்பது டிகிரி. நாளைக்குச் சாயங்காலம் ரயில். லீவு கேட்டு வந்த முதல் நாள், செருப்பைக் கழற்றுகிறபோதே கோகிலா கேட்டாள்: “ஏனுங்க, ஒரு கத்தி பண்ணித் தரீங்களா? நல்ல கத்தி. ஹர்ப்ரீத்துக்கு.”

ஹர்ப்ரீத்துக்கு. எனக்குக் காதில் விழுந்தது அது மட்டும்தான். டூல் ரூமில் நாலு பேர் முதலாளி மகன் கல்யாணத்துக்கு என்னிடம்தான் கத்தி செய்து வாங்கிக் கொடுத்தார்கள், கேக் வெட்ட, பேர் பொறித்து. கோகிலாவுக்கு இதுவரை நான் ஒரு பேனாக் கத்திகூடச் செய்து கொடுத்ததில்லை, அவள் கேட்டதும் இல்லை. கேட்டாள், முதல் தடவையாக, இன்னொருத்திக்கு. உனக்கு வேண்டாமா என்றேன். “எனக்கு வேண்டாங்க, அவகிட்ட இருந்தாப் போதும்” என்றாள். அவகிட்ட இருந்தாப் போதும். அந்த ஒரு வாக்கியத்தைப் பதினெட்டு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன், ரம்பத்தில் அறுக்கும்போதும், அரம் போடும்போதும், கம்பெனியில் மிச்சமான ஓ.எச்.என்.எஸ் என்கிற டூல் இரும்புத் துண்டைக் கேட்டு வாங்கும்போதும். அளவு வேண்டும் என்று சொன்னதற்கு ஒரு நோட்டுத் தாளை எடுத்து நீட்டினாள், எல்லாம் தயாராகக் கொண்டு வந்திருக்கிறாள். தாளில் ஒரு கை. மேஜையில் கையை வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்த கை, பக்கத்திலேயே கையுறை போட்டு வரைந்த அதே கை. நீளமான விரல். பேனா ஓரிடத்தில் வழுக்கி, மணிக்கட்டில் கோடு கோணலாகப் போயிருந்தது. வரைகிறபோது சிரித்திருக்கிறார்கள். கையை அசைக்காதே என்று இவள் அவள் கையை அழுத்திப் பிடித்திருப்பாள். ஓரத்தில் ஹர்ப்ரீத் இந்தியில் ஏதோ எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தாள். கோகிலாவிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கேட்டால் அவள் சொல்வதுதானே பதில். மறுநாள் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோய், கிரைண்டிங்கில் இருக்கிற பீகார்க்கார ராம்பிரவேஷைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டு, திருட்டுப் பொருளைக் காட்டுகிறவன்போல விரித்துக் காட்டினேன். அவன் ரெண்டு தடவை படித்தான். “அண்ணா, இது... கட்டை விரல் மடங்காது, பழைய உடைவு, அப்படி எழுதி இருக்கு” என்றான். வேறே என்றேன். “வேறே ஒண்ணும் இல்ல அண்ணா.” எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எதையாவது கண்டுபிடித்துவிடுவோம் என்று அவ்வளவு நம்பியிருந்தேன்.

கண்டுபிடித்தது ஒரு கட்டை விரல். அது மடங்காது என்றால் பிடியில் வழக்கமாகப் போடுகிற குழிவு அவளுக்கு உதவாது, விரலை நீட்டி வைத்துக்கொள்ள மேல் பக்கம் தட்டையாக ஓர் இடம் வேண்டும், கையுறையோடு பிடிக்க இன்னும் நாலு மில்லி அகலம். மூன்று நாள் இதையே யோசித்தேன். சப்பாத்தி மாவை உருட்டி, என் கட்டை விரலில் ஐஸ் குச்சியை வைத்துக் கட்டி மடங்காதபடி பண்ணிக்கொண்டு, பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். கோகிலா சமையலறைக்குள் வந்தவள் “மாவை வெச்சு என்ன பண்றீங்க?” என்றாள், அளவு என்றேன், ஒரு மாதிரி நின்று பார்த்துவிட்டுப் போனாள். கட்டிய மனைவியின் விரல்களை நான் இவ்வளவு யோசித்ததில்லை. இந்த லீவில்தான் பார்த்தேன், அவள் இடது தோளில் ஒரு தழும்பு, அரையடி நீளம். வந்த மூன்றாம் நாள், தலை துவட்டுகிறபோது ரவிக்கை விலகித் தெரிந்தது. என்னது என்றதற்குப் போன வருஷம் பயிற்சியில் பாறை ஏறும்போது வழுக்கிவிட்டது, ஒண்ணுமில்லை என்றாள். போன வருஷம் தினமும் சாயங்காலம் போனில் பேசினோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழையில்லை. தோள் கிழிந்து கிடந்த அந்த நாட்களிலும் சாப்பிட்டேன், மழையில்லை என்று சொல்லியிருக்கிறாள். யார் மருந்து போட்டது என்று கேட்டேன். ஹர்ப்ரீத். எத்தனை நாள்? இருபது நாள். எங்கிட்ட ஏன் சொல்லல? “சொன்னா நீங்க தூங்க மாட்டீங்க.” உண்மைதான், தூங்கியிருக்க மாட்டேன். ஆனால் என் தூக்கத்தைக் காப்பாற்றுகிறவள் என்ன மனைவி, வலியைச் சொல்ல ஒருத்தி, தூங்க வைக்க ஒருத்தன் என்று பிரித்து வைத்துக்கொண்டாளா. என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசுவதில்லை. நான் வேண்டுமென்றே சீண்டுவேன், குழம்பில் உப்பு இல்லை என்பேன், உங்கம்மா வீட்டுக்கு எதுக்கு நாலு நாள் என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவாள், “லீவு நாள்ல சண்டை எதுக்குங்க” என்பாள். சண்டைக்குக்கூட அவள் என்னை வைத்துக்கொள்வதில்லை. காய் நறுக்குகிற கத்தியைக் கையில் கொடுத்தால் வாங்க மாட்டாள், கீழே வையுங்கள், கைக்குக் கை கொடுத்தால் சண்டை வந்துவிடும் என்பாள். துப்பாக்கி பிடிக்கிறவள், இதை மட்டும் விடுவதில்லை. முதலில் ஹர்ப்ரீத் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம், இப்போது அவளும் கத்தியைக் கீழே வைத்துத்தான் கொடுக்கிறாளாம். கோகிலா இதைப் பெருமையாகச் சொன்னாள். எங்கள் ஊர்ப் பழக்கம், என் சமையலறையில் எனக்கும் அவளுக்கும் மட்டும் இருந்த ஒன்று, அதுவும் அங்கே போய்விட்டது.

மணி மூன்று அஞ்சு. இந்த ஓவனே ஹர்ப்ரீத்தினால் வந்ததுதான். போன லீவில் என் பிறந்தநாளுக்குக் கேக் செய்யப் போகிறேன் என்று கோகிலா வாங்கினாள், போனை மிக்ஸிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொல்லச் சொல்ல இவள் முட்டை அடித்தாள். என் பிறந்தநாளில் ரெண்டு பேரும் ரெண்டு மணி நேரம் பேசினார்கள், நான் கூடத்தில் பேப்பர் படித்தேன். கேக் நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். சரி, இப்போது போடாமலே விட்டால் என்ன ஆகும்? பார்க்க ஒன்றும் தெரியாது. தீட்டித் தேய்த்தால் பளபளப்பு அதேதான், கூர்மை இன்னும் ஒரு பங்கு அதிகமாகவே நிற்கும், பிடி போட்டு உறை தைத்துக் கொடுத்தால் ராம்பிரவேஷ் உட்பட எவனும் ஆஹா என்பான். அங்கே போய் அந்தக் குளிரில், ஏதோ ஒரு டின்னைத் திறக்கிறபோது, படக். முனை போய்விடும். அவ்வளவுதான், யாருக்கும் காயமில்லை, முனை மட்டும். ஹர்ப்ரீத் சிரிப்பாள், உன் வீட்டுக்காரர் கத்தி லட்சணத்தைப் பார் என்பாள். கோகிலாவுக்குச் சுருக்கென்று இருக்கும். என்னைச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது, பொறுக்காது என்றுதான் நினைக்கிறேன், ஏதாவது திருப்பிச் சொல்வாள், ரெண்டு நாள் பேசாமல் இருப்பார்கள், அந்த ரெண்டு நாளும் எனக்குப் போன் வரும். இவ்வளவுதான் நான் கேட்பது, ரெண்டு நாள். ஆனால் கத்தி உடைந்தது என்றால் உடைத்தவன் நான். பதினாறு வருஷத்தில் என் கையிலிருந்து போன தகடு வெட்டுகிற ஒரு டை, துளை போடுகிற ஒரு பஞ்ச் உடைந்து திரும்பி வந்ததில்லை, அந்தப் பெயரை ஒரு டின்னில் விட வேண்டுமா. பொறாமைக்காரனுக்குக்கூட வேலையில் ஒரு மானம் இருக்கிறது. வேண்டாம், போட்டுவிடலாம் என்று கை குமிழுக்குப் போகும், உள்ளே மறுபடி சிரிப்பு வரும், கை திரும்பிவிடும். இப்படி மூன்று தடவை ஆகிவிட்டது.

இப்போது சிரிப்பு இல்லை. குரல் மாறியிருக்கிறது. கோகிலா வேகமாகப் பேசுகிறாள், நடுவில் அந்தப் பக்கம் கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது, இவள் “நஹீ, நஹீ” என்கிறாள், அது எனக்குத் தெரியும், இல்லை. அப்புறம் என் பெயர். ஈஸ்வரமூர்த்தியை அவர்கள் மூர்த்திஜி ஆக்கி வைத்திருக்கிறார்கள். என்னைப் பற்றிச் சண்டையா? எனக்கு வந்தது பயம் என்று சொல்வதா, சந்தோஷம் என்று சொல்வதா தெரியவில்லை. போன் கட்டானதும் கோகிலா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. ஓவனைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள்.

“இன்னும் வெக்கலையா? ஒரு மணி நேரத்துக்குள்ள வெக்கோணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“எதுக்குச் சண்டை?” என்றேன்.

“ஒண்ணுமில்லீங்க.”

“சாப்பிட்டேன், மழையில்ல. அப்படித்தானே?”

அவள் அப்படியே கதவில் சாய்ந்துகொண்டாள். நான் அவளிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். “உனக்குன்னு ஏன் கேக்கல? நீ எங்கிட்ட கேட்ட முதக் கத்தி, அது ஏன் அவளுக்கு? எனக்குத் தெரியோணும்.”

“சொன்னாத் தூங்க மாட்டீங்க.”

“தூங்காமப் போறேன், சொல்லு.”

சொன்னாள். குளியலறைக் குழாய் சொட்டுவதைச் சொல்கிற குரலில் சொன்னாள். மேலே பனிக்கு நடுவில் பிளவு இருக்கும், வாயைப் புதுப்பனி மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் இடுப்பில் கயிறு கட்டித்தான் நடக்க வேண்டும். “நான் எடை கம்மி, அதனால முன்னால நான். கயித்தோட அந்தப் பக்கம் அவ. நான் உள்ள போயிட்டா அவ இழுத்துப் பிடிப்பா. பிடிச்சுட்டா மத்தவங்க வந்து தூக்கிருவாங்க, ஒண்ணும் ஆகாது. நூத்துல தொண்ணூறு அப்படித்தான்.” கதவுக் கொண்டியை நகத்தால் சுரண்டினாள். “மீதிப் பத்துல, அவளையும் சேத்து இழுத்துரும். அப்ப அவ கயித்தை அறுத்துரோணும். இது ஆர்டர் எல்லாம் இல்லீங்க. நானா சொல்றது. அவளுக்குக் கொழந்தை இருக்குது. ரெண்டு பேரும் போறதுல என்ன இருக்குது?”

நான் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவ மாட்டேங்கறா. ரெண்டு மாசமா இதே சண்டை. போன வருஷம் பாறையில நான் வழுக்குனப்பவும் விடலை, கயித்தைக் கையில சுத்திக்கிட்டா, கட்டை விரல் ஒடைஞ்சுது, அப்பவும் விடலை. அந்த விரல்தான். அவ விட மாட்டாளுங்க, அவளைப் பத்தி எனக்குத் தெரியும்.” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அதான் உங்ககிட்ட கேட்டேன். கடையில வாங்குன கத்தின்னா அறுக்க மாட்டா. நீங்க உங்க கையால பண்ணி அனுப்புனதுன்னா, நீங்களே அறுக்கச் சொன்ன மாதிரி. அப்புறம் உங்க மூஞ்சியில முழிக்க அவ பயப்பட வேண்டியதில்ல. இப்ப அதைத்தான் சொன்னேன். கத்தறா.”

எனக்கு அப்போதும் பொறாமைதான் வந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, பொறாமைதான் வந்தது. அந்தக் கயிற்றின் அடுத்த முனையும் ஹர்ப்ரீத்துக்குத்தான். என் மனைவியின் கடைசிச் சத்தம் கேட்கப் போவதென்றால் அதைக் கேட்கிறவளும் அவள். எனக்கு யாராவது போன் பண்ணுவார்கள், இந்தியில் ஆரம்பித்து, எனக்குப் புரியாது என்று தெரிந்ததும் இங்கிலீஷுக்கு மாறுவார்கள். அவள் பிடித்திருக்கிறாள், எலும்பு உடைகிற வரைக்கும் பிடித்திருக்கிறாள், அந்த நேரம் நான் இங்கே விசிறிக்குக் கீழே சாப்பிட்டியா, மழையா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த விரலுக்குத்தான் மூன்று நாள் மாவு உருட்டினேன். முனை போனால் சிரிப்பார்கள் என்று கணக்குப் போட்ட கத்தி. டெம்பர் செய்யாத இரும்பு, அந்தக் குளிரில், ஐஸ் இறுகிப்போன கயிற்றில், மடங்காத விரலோடு அவள் அழுத்துகிறபோது. ஒரு அழுத்து, படக், ரெண்டாவது அழுத்துக்குக் கத்தி இல்லை, ரெண்டு பேரும். அதை நான் செய்ய இருந்தேன், முக்கால் மணி நேரமாக அதைத்தான் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். நன்றாகச் செய்தால் என் கையாலேயே இவளை அறுத்துவிடுகிற கத்தி. கெட்டுப்போகச் செய்தால் அந்தக் குழந்தைக்கு அம்மா இல்லை, எனக்கும் இவள் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இவளை என் பக்கம் கொண்டுவருகிற கத்தி ஒன்றைச் செய்ய எனக்குத் தெரியவில்லை. பதினாறு வருஷத் தொழில், அதற்கு ஒரு இரும்பு இல்லை.

எழுந்தேன். குமிழை இருநூறுக்குத் திருப்பினேன், பதம் நிறத்தில் தெரிய, கத்தியின் ஒரு பக்கத்தை எமரித் தாளால் வெளுக்கத் தேய்த்து, கேக் வைக்கிற தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. கோகிலா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம், எண்ணெய் வாசனையும் பழைய கேக் வாசனையும் கலந்து வந்தது. தோள் வலித்ததா என்று ஒரு தடவை கேட்டேன், ராத்திரியில் வலிக்கும் என்றாள், குளிரில் இன்னும் வலிக்கும். அதை அவள் என்னிடம் சொன்னாள். ஹர்ப்ரீத் மகன் பேர் என்ன என்றேன். ஃபதே என்றாள். ஓவன் மணி அடித்ததும் துணியால் பிடித்துத் தட்டை வெளியே எடுத்து, ஜன்னலோரம் ஆற வைத்து, தேய்த்து வைத்த பக்கத்தைப் பார்த்தேன். வெளிர் மஞ்சள், கோதுமை நிறம், அடியிலிருந்து முனை வரைக்கும் ஒரே சீராக. நல்ல பதம். இன்னொரு தடவை வைக்க வேண்டும், காலையில் பிடி போட வேண்டும், மேல் பக்கம் தட்டையாக.

“குடுங்க, பாக்கறேன்” என்றாள்.

எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “கீழ வைங்க. கைல குடுத்தாச் சண்டை வந்துரும்.”

“வரட்டும்” என்றேன். கை நீட்டினபடியே இருந்தது. “அவகிட்ட குடுக்கறப்ப கீழ வெச்சே குடு. அவகூட உனக்குச் சண்டை வேண்டாம். உன்ற சண்டையெல்லாம் எங்கூடத்தான், வந்து போடு.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, என் விரலிலிருந்தே வாங்கிக்கொண்டாள்.